எந்தக் கடை

இருங்க தங்கச்சி, அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன், பொங்கிடும், என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை எதன்மேலோ வைத்துவிட்டுப் போய்விட்டாள். தகர டப்பாவாக இருக்கவேண்டும், டங்கென்று ஒரு சத்தம் வந்து என் காதுக்குள் நின்றது. இப்படிப் போகிறவர்களுக்காக ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும் என்பது விதி. அதற்கு மேல் ஆனால் ‘பாதியில் நின்ற பேட்டி’ என்று குறித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகலாம். நான் பத்து நிமிடம்கூடக் காத்திருப்பேன். எதிர்முனையில் ஆள் இல்லாமல் திறந்துகிடக்கும் போன் எனக்குப் பிடித்திருக்கிறது. யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் இருக்கிறேன், ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை, நீ யார் என்று கேட்கவில்லை. அங்கே ஒரு மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை கிரீச்சிடுகிறது. தொலைக்காட்சியில் யாரோ மாவட்டம் மாவட்டமாக இன்றைய தொற்று எண்ணிக்கையைப் படிக்கிறார்கள், அரியலூர், பெரம்பலூர், திருச்சி வரும்போது மட்டும் பாத்திரம் ஏதோ விழுந்து எண் கேட்காமல் போய்விட்டது. கேட்காததே நல்லது. லேப்டாப் திரையில் நான்காம் கேள்வி திறந்தபடி இருக்கிறது. நோய்த்தொற்றுக் காலத்தில் கடைகளை மூடிவைப்பதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? அதற்கு அவள் போவதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டாள். மூடணும், இழுத்து மூடிப் பூட்டுப் போட்டு சீல் வைக்கணும், திறக்கவே கூடாது. ‘முழுமையாக ஆதரிக்கிறேன்’, எண் ஒன்று. ஒன்றை அழுத்தவேண்டியதுதான் பாக்கி. விரல் அதன்மேல் இருக்கிறது, அழுத்தவில்லை. மணி நாலரை. ஐந்து மணிக்கு லூர்துசாமி சார் வருவார். அதற்குள் நான் அப்பாவுக்கு ஒரு பதில் சொல்லியாகவேண்டும்.

முன்னறையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்டு, கையை மடித்துவிட்டு, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பினவர்போல. உறையூர் நாச்சியார்கோவில் பக்கத்துச் சந்தில் அவருடைய நியூ லக்கி சலூன் மூடி ஐம்பது நாளுக்கு மேல் ஆகிறது. லூர்துசாமி சார்தான் கட்டிட ஓனர், நல்ல மனுஷன், நேற்று காலையில் முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிக்கொண்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தன் காய்கறிக் கடை போட இடம் கேக்கறான் துரைக்கண்ணு, காய்கறின்னா திறக்கலாம், அத்தியாவசியம். நீங்க வேணும்னா சொல்லுங்க, அவனை வேற இடம் பார்க்கச் சொல்லிடறேன், வேணாம்னா அதையும் சொல்லுங்க, நாளைக்கு அஞ்சு மணிக்கு வர்றேன். அவர் நெருக்கவில்லை, அதுதான் கஷ்டம், நெருக்கியிருந்தால் அப்பா கோபப்பட்டு வேண்டும் என்றிருப்பார். அவர் போனபிறகு அப்பா அந்த அத்தியாவசியம் என்ற சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டதை நாக்கால் தேடுவதுபோல. இன்று காலை இட்லி சாப்பிடும்போது என்னிடம் கேட்டார். நீ தினம் பன்னெண்டு பேருகிட்ட பேசுற பாப்பா, ஊரு என்ன நெனைக்குதுன்னு உனக்குத் தெரியும். கவர்மெண்டு இன்னிக்கில்லாட்டி நாளைக்குத் திறக்கச் சொல்லிடும், அது இல்ல. திறந்தா வருவாங்களா? சாயங்காலம் சொல்றேன்ப்பா என்றேன். அவர் தலையாட்டினார். டாக்டர் ரிப்போர்ட் சாயங்காலம் வரும் என்று சொன்னால் தலையாட்டுவாரே, அப்படி.

நான் ஊரின் மனதை அறிந்தவள் என்று அப்பா நம்புகிறார். இருபத்துமூன்று வயது, புள்ளியியலில் முதல் வகுப்பு, கடைக்காரரிடம் மீதிச் சில்லறை தவறாக வந்தால் கேட்கக் கூச்சப்பட்டு வந்துவிடுகிறவள். இந்தக் கருத்துக்கணிப்பு வேலைக்கான பயிற்சி வகுப்பை மேற்பார்வையாளர் நந்தகோபால் சார் சென்னையிலிருந்து வீடியோவில் எடுத்தார், அவர் தலைக்குப் பின்னால் ஒரு குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தது. பேட்டி எடுக்கிறவருக்குக் கருத்து கிடையாது என்றார். கேள்வியை எழுதியிருக்கிறபடி படிக்கவேண்டும், ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, விளக்கக் கூடாது, புரியவில்லை என்றால் அதே கேள்வியை மறுபடி படிக்கவேண்டும், நீங்க விளக்கினா அது உங்க பதில் ஆயிடும். மற்ற பெண்கள் அதைக் கேட்டு உதட்டைச் சுழித்தார்கள், சின்னச் சின்னக் கட்டங்களில் அவர்கள் முகம் தெரிந்தது. எனக்கோ ஒரு நாற்காலி கிடைத்ததுபோல் இருந்தது. பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் என்னிடம் குறை என்று எல்லோரும் சொன்னது ஒன்றுதான், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறாளே என்பார்கள். இங்கே அதுதான் தகுதி. முதல் இரண்டு நாள் எவ்வளவு சுகமாக இருந்தது. வணக்கம், என் பெயர் சுகன்யா, ஒரு கருத்துக்கணிப்புக்காக அழைக்கிறேன், இந்த உரையாடல் தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது. அந்தக் குரல் என் குரல் இல்லை, எங்கோ நகைக்கடை விளம்பரத்தில் கேட்ட குரல். ஒரு பெரியவர் அந்தக் குரலையே மடக்கினார். ஆதரிக்கிறீர்களா என்று நான் படித்ததும், ஆதரிக்க எங்கிட்ட என்னம்மா இருக்கு, என்னையே யாராச்சும் ஆதரிச்சா தேவலாம் என்றார். விதிப்படி மறுபடி படித்தேன். ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? எதிர்க்கவா, அதுக்கும் தெம்பில்லம்மா என்றார். தொண்ணூற்றெட்டு, ‘தெரியாது / சொல்ல இயலவில்லை’. அன்று அதை அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன், அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அந்த ஆளுக்கு என்ன வயசிருக்கும் என்று கேட்டார்.

மூன்றாம் நாள் புதுக்கோட்டையில் ஒரு அம்மா. நான்காம் கேள்வியைப் படித்து முடிக்கவில்லை, அழ ஆரம்பித்துவிட்டார். மூடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், பள்ளிக்கூடத்துப் பக்கத்துலயே வெச்சிருக்கான், போன வாரம் திறந்ததுலேர்ந்து மறுபடியும் ரோட்டுல விழுந்து கெடக்குறாரு. எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் அவர் எந்தக் கடையைச் சொல்கிறார் என்று புரிந்தது. எங்கள் தெருவிலேயே கடைக்குப் போயிருக்காரு என்பதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். சாதாரணமாகச் சொன்னால் மளிகை. குரலைத் தாழ்த்தி, கடை என்பதில் மட்டும் கொஞ்சம் நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிச் சொன்னால் ஒயின்ஷாப். சின்னக் குழந்தைக்கும் அந்த வித்தியாசம் தெரியும். கேள்வித்தாளை எழுதினவருக்கு மட்டும் தெரியவில்லை. யாரோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஆங்கிலத்தைத் தமிழாக்கி, வணிக நிறுவனங்கள் என்றால் பாமரர்களுக்குப் புரியாது என்று கருணையோடு கடைகள் என்று எளிமைப்படுத்தியிருக்கிறார். எளிமையாகத்தான் புரிந்தது. எல்லாக் கடையும் மூடியிருந்து, முந்தின வாரம் அது மட்டும் திறந்து, ஊரே அதைத் தவிர வேறு பேசாமல் இருந்த நேரத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கின குரலில் கடையை மூடலாமா என்று கேட்டால் அவர்கள் எந்தக் கடை என்று நினைப்பார்கள்? அன்று சாயங்காலம் முந்தைய பேட்டிகளையெல்லாம் திறந்து பார்த்தேன். பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் எண் ஒன்று. ஆண்கள் சிலர் ஐந்து, ‘முழுமையாக எதிர்க்கிறேன்’, அதுவும் சிரித்துக்கொண்டே, மூடிட்டா நாங்க எங்க மேடம் போறது, நீங்க வேற. நான் அந்தச் சிரிப்பை வியாபாரம் படுத்துப்போனவனின் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு ஐந்தை அழுத்தியிருக்கிறேன். என் குரல், அந்தத் தயக்கம், அதுகூட ஒரு காரணம். தயங்காமல் கேட்கத் தெரிந்த வேறு ஒருத்தி கேட்டிருந்தால் மளிகைக் கடை என்று நினைத்திருப்பார்களோ. நான் விளக்கவில்லை என்பது நிஜம். ஆனால் என் தொண்டை விளக்கிவிட்டது.

இதை நந்தகோபால் சாரிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. எழுதினேன், அழித்தேன். சார் என்று ஆரம்பித்தால் புகார்போல் இருந்தது, வணக்கம் சார் என்று ஆரம்பித்தால் விடுப்புக் கடிதம்போல் இருந்தது. கடைசியில் ஆறாம் நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நான்காம் கேள்வியில் கடை என்பதை நிறையப் பேர் ஒயின்ஷாப் என்று புரிந்துகொள்கிறார்கள் சார். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பிறகு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதோடு முடிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு முழு நாள் யோசித்தேன். சரி பார்க்கிறேன் என்றா, தெரியும் என்றா, நல்ல ஜோக் என்றா. மறுபடி கேட்டிருக்கலாம். போன் செய்திருக்கலாம். தினம் பன்னிரண்டு முகம் தெரியாதவர்களைக் கூப்பிடுகிறவளுக்குப் பெயர் தெரிந்த ஒருவரைக் கூப்பிட வாய் வரவில்லை. எட்டாம் நாள் முதல் வார முடிவு என்று பத்திரிகையில் வந்தது. அப்பா வாசலில் நின்று சத்தமாகப் படித்தார், பத்தில் எட்டுப் பேர் கடையடைப்புக்கு ஆதரவு. பேப்பரை மடித்தார். பத்துல எட்டுப் பேரு மூடச் சொல்றான் பாப்பா, அந்த எட்டுப் பேருல நாலு பேருக்காச்சும் நான் வெட்டியிருப்பேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர்கள் தலை ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறதுபோல் இருந்தது முகம். அப்பா அது தப்பு, அது வேற கடை என்று அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயருகில் வந்தது. ஆனால் வேற கடை என்று சொன்னால் அவர் பிடித்துக்கொள்வார், அப்ப நம்ம கடையை மூடச் சொல்லலல்ல என்பார். அதற்கு என்னிடம் ஒன்பதாம் கேள்வி இருந்தது.

ஒன்பதாம் கேள்வியில் குழப்பமே இல்லை. சலூன்கள் திறக்கப்பட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீங்களோ உங்கள் வீட்டாரோ அங்கே செல்வீர்களா? சலூன் என்றால் சலூன்தான், அதற்கு இன்னொரு தொனி இல்லை. மணப்பாறை டீச்சர் சொன்னார், நானே வீடியோ பார்த்து என் வீட்டுக்காரருக்கு வெட்டிட்டேம்மா, பின்னாடி எலி கரண்டின மாதிரி இருக்கு, இருந்தா என்ன, அவரு பின்னாடி அவரா பார்க்கப்போறாரு. லால்குடியில் ஒருத்தர், ட்ரிம்மர் வாங்கியாச்சு மேடம், இனிமே ஆயுசுக்கும் போகவேணாம், இத்தனை நாள் ஏன் போனோம்னு இருக்கு. இத்தனை நாள் ஏன் போனோம். அதை எழுத இடமில்லை, நான்கை மட்டும் அழுத்தினேன், ‘கண்டிப்பாகச் செல்ல மாட்டோம்’. இன்னொரு அம்மா, குரல் ரொம்ப மென்மை, பூஜை முடித்துவிட்டுப் பேசுகிறவர்போல, அந்தத் துணி இருக்கே, எல்லார் கழுத்துலயும் போடுவாங்களே அதே துணி, நெனைச்சாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடும், இப்ப கொரோனான்னு இல்ல, எப்பவுமே. அந்தத் துணி எனக்குத் தெரியும். வெளிர்நீலம், ஏழு எண்ணம். வாரத்தில் இரண்டு நாள் அம்மா அதைச் சோடா மாவில் ஊறவைத்து அடித்துத் துவைப்பாள், நான் மாடியில் உதறிக் காயப்போடுவேன். உதறும்போது எவ்வளவுதான் துவைத்திருந்தாலும் ஒன்றிரண்டு முடி பறந்து என் உதட்டில் ஒட்டும். யாருடைய முடியோ. எனக்கு அது அருவருப்பாக இருந்ததா? இருந்தது. சொன்னதில்லை. கல்லூரியில் முதல் வருடம் பக்கத்தில் உட்கார்ந்த ஷாலினி, உங்கப்பா என்ன பண்றாங்க என்று கேட்டபோது கடை வெச்சிருக்காங்க என்றேன். எந்தக் கடை என்று அவள் கேட்கவில்லை. மளிகை என்று அவளாகவே முடிவுசெய்துகொண்டாள், தீபாவளிக்கு முன்னால் உங்க கடையில முந்திரி நல்லா இருக்குமா என்று கேட்டாள், நான் இப்ப ஸ்டாக் இல்ல என்றேன். மூன்று வருடம் ஸ்டாக் இல்லாமலே ஓட்டினேன். அப்போது அந்தச் சொல் எனக்குக் குடையாக இருந்தது, எந்தக் கடை என்று தெரியாமல் இருப்பதுதான் அதன் சௌகரியம். கேள்வித்தாள் எழுதினவரை நான் என்ன குறை சொல்வது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அதை நினைக்காமல் தாண்டிப்போகப் பார்க்கிறேன், தாண்ட முடியவில்லை. ஒன்பதாம் கேள்விக்கு ஒவ்வொரு தடவை நான்கை அழுத்தும்போதும் எனக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் இளகும். அப்பாடா. அப்பாவுக்கு ஐம்பத்தேழு வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. போன மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவரை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. முழு உடம்பும் மூடின இரண்டு பேர் நடுவில் அவர் தாமாகவே நடந்து போய் ஏறினார், கையில் ஒரு மஞ்சள் பை, திரும்பி வீட்டைப் பார்த்து ஏதோ சொன்னார், தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொன்னார் என்று பிற்பாடு சொன்னார்கள். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை, வீட்டாரே பார்க்கவில்லை. அன்றிலிருந்து சலூன் என்றால் எனக்கு அப்பாவின் கைதான் தெரிகிறது, ஒரு முகத்தைத் தாடையில் தொட்டு இந்தப் பக்கம் திருப்புகிற கை. ஒரு நாளைக்கு இருபது முகம். வராதீர்கள் என்று நான் நினைத்திருக்கிறேன். கேள்வி படிக்கும்போதே நினைத்திருக்கிறேன், செல்வீர்களா என்கிற இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், போகாதீங்க என்பதுபோல. தரத்துக்காகப் பதிவு செய்ததை யாராவது கேட்டால் தெரியும். கண்டிப்பாகச் செல்வோம் என்று யாராவது சொன்னால், சொன்னார்கள், சிலர், பையன்கள், முடி காதை மூடுது மேடம் எப்ப திறப்பாங்க, அப்போது சந்தோஷமும் பயமும் ஒன்றாக வரும், எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பயமாக இருக்கும். இப்போது அப்பா கேட்கிறார், வருவாங்களா? வருவாங்கப்பா என்றால் பொய், அவர் காய்கறிக்காரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பூட்டின கடைக்கு நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரமாட்டாங்கப்பா என்றால் உண்மை, ஆனால் அது எண்ணிலிருந்து மட்டும் வந்த உண்மை இல்லை, என் பயமும் அதில் ஏதோ ஒரு அளவு கலந்திருக்கிறது. முடி வெட்டுகிறதைத் தவிர அவருக்கு என்ன தெரியும். காலையில் எழுந்து கடைக்குப் போகாத நாட்களில் அவர் வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிறார், அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பினால் நானும் வரவா என்று கேட்கிறார், வயசானவங்க வரக்கூடாதாம் என்று அம்மா சொன்னாள் இன்றைக்கு. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றி அதே இடத்தில் வைத்துவிட்டு, மறுபடி நேராக வைத்தார்.

தங்கச்சி, இருக்கீங்களா? டங். அந்தப் பெண் வந்துவிட்டாள். ஏழு நிமிடம். பால் பொங்கித்தான் போச்சு, பாதி அடுப்புலதான் என்று சொல்லிச் சிரித்தாள். என்ன கேட்டீங்க, கடையா, அதான் சொன்னேனே மூடச் சொல்லி. ஒன்றை அழுத்தியிருக்கலாம். இன்றைக்கு இவள் பத்தாவது ஆள், நாளையோடு எல்லாம் முடிகிறது, இந்த ஒரு எண் மாறினால் பத்தில் எட்டு மாறப்போவதில்லை. ஆனால் ஐந்து மணிக்குள் யாரிடமாவது ஒரு நல்ல வார்த்தை கேட்கவேண்டும்போல் இருந்தது, ஒரே ஒரு ஆள், அதெல்லாம் திறக்கட்டும்மா, பாவம், அவங்களும் பொழைக்கணுமில்ல என்று சொன்னால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போகலாம். நான் விதியை மீறினேன். பதிவாகிறது என்று தெரிந்தே மீறினேன். அக்கா, நான் ஒயின்ஷாப்பைக் கேக்கலை, எல்லாக் கடையும், துணிக்கடை, பாத்திரக்கடை, டீக்கடை, சலூன், எல்லாத்தையும் மூடிவைக்கிறதைப் பத்திக் கேக்கறாங்க. என் குரலில் சொன்னேன். நகைக்கடைக் குரலில் இல்லை. மின்விசிறி இரண்டு தடவை கிரீச்சிட்டது. அப்படியா, என்றாள். நான் வேலை பார்த்ததே துணிக்கடையிலதான், தெப்பக்குளத்துல. அதுவும் மூடித்தான் கெடக்கு. சரி, சொல்றேன், எழுதிக்கங்க தங்கச்சி. அந்த ஒண்ணை மட்டும் மூடுன்னா எவனும் மூடமாட்டான். எல்லாத்தையும் மூடுனப்பதான் அதுவும் மூடுச்சு. நாப்பது நாளு. கல்யாணமாகிப் பதிமூணு வருஷத்துல அந்த நாப்பது நாளுதான் எங்க வீட்டுல சத்தமில்ல, சாயங்காலம் அவரு தாயம் வெளையாடினாரு எம் பொண்ணுகூட. எல்லாத்தையும் மூடட்டும். என் துணிக்கடையும் மூடியே கெடக்கட்டும்.

ஒன்றை அழுத்தினேன். அவள் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். பத்து நாளாக நான் பிழை என்று தூக்கிக்கொண்டு திரிந்ததை, கேள்வியைத் திருத்திக் கேட்டபிறகும், அவள் அதே எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இப்படி எத்தனை பேர்? ஐந்து, ஆறு, ஏழு, எட்டு எல்லாம் படித்தேன், ஆம், இல்லை, ஆம், தெரியாது. ஒன்பது. சலூன்கள் திறக்கப்பட்டால். அவள் முடிக்கவிடவில்லை. அய்யய்ய, வேணாம். அவருக்குத் தலை கலைஞ்சு தாடி வளந்து கெடந்தா தெருவுல நடக்கக் கூச்சம், அப்பல்லாம் அவ்வளவா வெளிய போகமாட்டாரு. வெட்டி விட்டா மாப்பிள்ளை கிளம்பிருவாரு. வளரட்டும். இடுப்பு வரைக்கும் வளரட்டும். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், நிஜமாகவே சிரிப்பு வந்தது. எண் நான்கு. உங்கள் நேரத்துக்கு நன்றி என்று படித்தேன். உங்களுக்குக் கல்யாணமாயிடுச்சா தங்கச்சி என்று கேட்டாள், இல்லக்கா என்றேன், அவசரப்படாதீங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திரை வெளுத்தது. அடுத்த எண்ணை அதுவே தேட ஆரம்பித்தது, சின்ன வட்டம் சுற்றியது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது, லூர்துசாமி சாருடைய பழைய ஸ்கூட்டர், நிறுத்தினபிறகும் ஒரு தடவை குலுங்கி நிற்கும்.

அப்பா வாசலுக்குப் போகவில்லை. என் அறை நிலைப்படியில் வந்து நின்றார். என்ன பாப்பா சொல்றாங்க? நான் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தேன். வாயைத் திறந்தேன். வருவாங்கப்பா, வரமாட்டாங்கப்பா, இரண்டில் எது வரும் என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். முகம் பார்ப்பதுதான் அவர் தொழில். சரி விடு, என்கிட்ட கேளு, என்றார். என்னப்பா? அவங்ககிட்ட கேக்குறியே அந்தக் கேள்வி, அதை எங்கிட்ட கேளு. குடும்பத்தாரைப் பேட்டி எடுக்கக் கூடாது. எனக்கு மனப்பாடம், திரையைப் பார்க்காமலே சொன்னேன், எழுதியிருக்கிறபடி, ஒரு சொல் கூட்டாமல். சலூன்கள் திறக்கப்பட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீங்களோ உங்கள் வீட்டாரோ அங்கே செல்வீர்களா? அப்பா யோசித்தார். எல்லோரும் உடனே பதில் சொன்ன கேள்வி அது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, விலாசம் கேட்டவனுக்கு வழி சொல்கிறவர்போல நிதானமாக யோசித்தார். மேல்உதட்டுல கத்தி வைக்கிறப்ப மனுசன் மூச்சைப் பிடிச்சுக்குவான் பாப்பா, என்றார். யாருக்கும் சொல்லித்தர வேணாம், தானாப் பிடிச்சுக்குவான். கத்தியை எடுத்ததும் மொத்தமா விடுவான். முப்பது வருசமா அதை என் மூஞ்சியிலதான் விட்டிருக்காங்க, நான் ஒண்ணும் நெனைச்சதில்ல. இப்ப ஒரு மாசமா படுத்தா அதான் ஞாபகம் வருது. எத்தனை பேரு மூச்சு. நிறுத்தினார். போக மாட்டேன், என்றார். எனக்கே பயமா இருக்கு, நான் எப்படி அவங்களை வான்னு சொல்றது.

கண்டிப்பாகவா, அநேகமாகவா என்று நான் கேட்கவில்லை. அவர் சட்டைக் கையைக் கீழே இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார், கதவைத் திறந்தார். லூர்துசாமி சார் ஏதோ விசாரித்தார், உடம்பெல்லாம் நல்லா இருக்கா என்று. இருவரும் ஆறடி தள்ளி நின்று பேசினார்கள், அதனால் எல்லாம் உரக்கவே கேட்டது. ஹெட்போனின் இன்னொரு காதில் அடுத்த எண் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவன்கிட்டயே கொடுத்துடுங்க சார், கடைக் கண்ணாடியைக் கழட்ட மட்டும் ரெண்டு நாள் டைம் கொடுக்கச் சொல்லுங்க, என்றார் அப்பா. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நன்றாகத் தெரிந்தது, அதுதான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, அதற்குள் எதிர்முனையில் யாரோ எடுத்து அலோ என்றுவிட்டார்கள்.